‘பூசத்துக்குள்ள சரியாயிடும்’: எங்கள் காவடிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்பு அண்ணன்களே, தம்பிகளே,

போன மாதம் நம் குழுவின் கடைக்குட்டி பினாங்கு ஜெலுத்தோங்கில் ஃபுட்சால் (ஐவர் கால்பந்து) ஆடும்போது முட்டியைத் திருப்பிக்கொண்டான். ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டதாம். ராத்திரிக்குள் முட்டி வீங்கிப் பந்தாகிவிட்டது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில் முட்டியின் நடுவில் இருக்கும் ஏ.சி.எல். ஜவ்வு அறுந்திருக்கிறது. அடுத்த மாதம் அறுவை சிகிச்சை. இதை அவன் நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். வந்த பதில்களை உட்கார்ந்து எண்ணினேன். பதினான்கு பேர் எழுதியிருந்தீர்கள். அதில் ஒன்பது பேர் எழுதியது ஒரே வரி: “கவலைப்படாதே தம்பி, பூசத்துக்குள்ள சரியாயிடும்.”

அன்பில் எழுதியதுதான், தெரியும். எனக்கும் இதே வரியைத்தான் எழுதினீர்கள். அதை நம்பி நடந்தவன் நான்.

இதைக் குழுவுக்குள்ளேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பட்டர்வொர்த்திலும் கிள்ளானிலும் சுங்கை பட்டாணியிலும் நம்மைப் போல எத்தனையோ காவடிக் குழுக்கள். அவர்களில் யாருக்காவது முட்டியோ தோளோ போயிருந்தால் அங்கேயும் இந்த வரி ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதனால் வெளியில் எழுதுகிறேன். யார் பெயரையும் போடவில்லை. பயப்படாதீர்கள்.

என் கதை உங்களுக்குப் பாதிதான் தெரியும். 2024 அக்டோபரில் ஒரு நாள் காலை ஷிப்ட்டுக்கு பாயான் லெப்பாஸ் போகிறேன். மழை விட்டு அரை மணி நேரம் இருக்கும். வளைவில் மோட்டார் வழுக்கியது. வலது கால் தரையில் ஊன்றித் திரும்பிக்கொண்டது, உடம்பு போய் இடது தோளில் விழுந்தது. முட்டியில் ஏ.சி.எல். முழுசாக அறுந்துவிட்டது. தோளில் தசைநார் பாதி கிழிந்திருந்தது. வேலைக்குப் போகும் வழியில் விழுந்ததால் பெர்கேசோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு) எம்.சி. என்கிற மருத்துவ விடுப்பு நாட்களுக்குச் சம்பளத்தில் 80 விழுக்காடு கணக்கில் பணம் வந்தது. அடுப்பு எரிந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தம்பி விஷயத்தில் மறுபடி வருகிறேன்.

முட்டியும் தோளும் சேர்ந்து போனால் என்ன ஆகும் என்று எனக்கும் அதுவரை தெரியாது. முட்டி அடிபட்டவன் கைத்தடியை எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வலது முட்டி என்றால் இடது கையில் தடி. என் இடது தோளோ ஒரு தேநீர்க் கோப்பையைக்கூடத் தூக்காது. வலது கையில் தடியைப் பிடித்து நடந்தால் ஆள் ஒரு பக்கமாகச் சாய்கிறேன். ரெண்டு கக்கத்திலும் கட்டை வைத்து நடப்பதும் முடியாது, தோள் விடாது. கடைசியில் வீட்டுக்குள்ளேயே நாற்காலி, மேசை, கதவு, மனைவியின் தோள் என்று ஒவ்வொன்றாகப் பிடித்து நகர்ந்தேன். ‘நொண்டிக்குச் சறுக்கினது சாக்கு’ என்பார்கள். எனக்குச் சறுக்கக்கூட இடமில்லை.

தோளைக் கத்தி வைக்காமல் பயிற்சியிலேயே பார்ப்போம் என்றார் டாக்டர். முட்டிக்கு டிசம்பர் முதல் வாரம் அறுவை. தொடையின் பின்பக்கத்திலிருந்து என் சொந்த நாரையே எடுத்து ஜவ்வு இருந்த இடத்தில் பொருத்தினார்கள்.

அடுத்த நாள் காலை உடற்பயிற்சி சொல்லித்தரும் பிசியோ வந்தார். மலாய்க்காரப் பெண், என் மூத்த மகள் வயதுதான் இருக்கும். ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்குக் கீழே வைத்து, “அங்கிள், முட்டியைக் கட்டிலோடு அழுத்துங்கள், தொடையை இறுக்குங்கள்” என்றார். நான் இறுக்கினேன். இறுக்கியதாக நினைத்தேன். தொடை அசையவே இல்லை. இருபது கிலோவுக்கு மேல் காவடி தூக்கி அஞ்சு மணி நேரம் ஆடிய தொடை, கறிக்கடையில் தொங்கும் சதை மாதிரிக் கிடக்கிறது. உத்தரவு மேலேயிருந்து போகிறது, கீழே கேட்க ஆள் இல்லை. முட்டிக்குள் நீர் கோத்திருக்கும்போது தொடையின் முன்தசையை உடம்பே அணைத்து வைத்துவிடுமாம். அது பயமும் இல்லை, சோம்பலும் இல்லை. வீக்கம் வற்ற வற்றத்தான் அந்தத் தசை திரும்ப எழும். மூன்றாவது நாள் முட்டிச் சில்லுக்கு மேலே ஒரு சின்னத் துடிப்பு வந்தது. பிசியோ கை தட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை இங்கேதான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

இப்போது முக்கியமான இடம். இதை மட்டுமாவது ஒழுங்காகப் படியுங்கள்.

நாற்று நட்டதைப் பார்த்தவர்கள் நம் குழுவில் இருக்கிறீர்கள். பிடுங்கி நட்ட நாற்று முதலில் வாடி மஞ்சளாகும், அப்புறம்தான் வேர் பிடிக்கும். முட்டிக்குள் வைத்த நாரும் அப்படித்தான். இடம் மாறியதும் அதற்கு ரத்த ஓட்டம் கிடையாது. உள்ளே இருக்கும் உயிரணுக்கள் செத்து, வெறும் கயிறாகக் கிடக்கும். பிறகு மெதுவாகப் புது ரத்தக் குழாய்கள் வந்து, புது உயிரணுக்கள் குடியேறி, அது ஜவ்வாக மாறும். அது நடந்து முடிய மாதக்கணக்கு ஆகும். அந்த நார் ஆகப் பலவீனமாக இருப்பது அறுவை முடிந்த அன்று இல்லை. ஏறக்குறைய ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரைக்கும்தான். அந்தச் சமயத்தில் பார்த்து வலி போயிருக்கும். வீக்கம் வற்றியிருக்கும். நொண்டாமல் நடப்போம். ‘நமக்குச் சரியாயிடுச்சு’ என்று நமக்கே தோன்றும்.

2025 பிப்ரவரி 11, தைப்பூசம். எனக்கு அப்போது பத்தாவது வாரம்.

“காவடி வேண்டாம், ஒரு பால் குடமாவது எடு” என்றீர்கள். “மூணு வருஷ நேர்த்திக்கடன், நடுவில் விடக்கூடாது” என்றார் ஓர் அண்ணன். “உனக்கு நம்பிக்கை குறைஞ்சிடுச்சு” என்று இன்னொருவர் சிரித்துக்கொண்டே சொன்னது கத்தி மாதிரி இறங்கியது. சரி, நான் சின்னப்பிள்ளை இல்லை. போனது என் காலில்தான், என் முடிவில்தான். டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியும், அதனால்தான் கேட்கவில்லை.

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி. ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. பால் குடம், கூட்டம், உறுமி, ‘வேல் வேல்’ சத்தம், வலி எங்கே தெரியப் போகிறது? அபிஷேகம் முடிந்து இறங்கினேன். ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டிக்குப் பாரம் என்பது அப்போது தெரியாது. படி இறங்கும் ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல மூன்று மடங்குக்கு மேல் முட்டியில் விழும். எனக்கு 78 கிலோ. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், அதையும் ரெண்டு முட்டிக்கும் மாறி மாறி 513 தடவை. பாதி மலையில் தொடை நடுங்க ஆரம்பித்தது. இன்னும் கொஞ்சம் இறங்கியதும் முட்டி மடங்கிக்கொண்டது. கீழே விழாமலிருக்கக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தேன். பிடித்த கை இடது கை.

முட்டி நார் அறுபடவில்லை, அது முருகன் புண்ணியம். வீங்கிப்போய் ரெண்டு மாதப் பயிற்சி வீணானதோடு தப்பித்தேன். தோள் தப்பவில்லை. பாதிக் கிழிசல் முழுக் கிழிசலாகி, அந்த ஜூனில் அதற்கும் அறுவை. ஆறு வாரம் கையைத் தூளியில் தொங்கவிட்டபடி, உட்கார்ந்தே தூங்கினேன். ஒரு கையால் எதுவெல்லாம் முடியாது என்று பட்டியல் போட்டால் இந்த மடல் முடியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: சட்டை போடும்போது அடிபட்ட கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். என் மகன் கற்றுக்கொடுத்தான், யூடியூப் பார்த்து.

தோளைப் பற்றி நம் ஆட்களுக்கு அலட்சியம் அதிகம். முட்டி போனால் ஆள் நொண்டுவது தெரியும். தோள் போனால் வெளியில் ஒன்றும் தெரியாது. தோள் மூட்டின் பந்தை நாலு சின்னத் தசைகள்தான் சுற்றிப் பிடித்து வைத்திருக்கின்றன. காவடிக்காரனின் பெரிய புஜத்துக்கும் அந்த நாலுக்கும் சம்பந்தமே இல்லை. பயிற்சிக்கு நிற நிறமாக ரப்பர் பட்டை கொடுப்பார்கள். என் பட்டைகளில் மஞ்சள் ஆக இலகு, அப்புறம் சிவப்பு, பச்சை, நீலம். முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, மஞ்சள் பட்டையை வெளிப்பக்கமாக இழுக்கச் சொன்னார் பிசியோ. பத்து தடவை. ஏழாவதில் கை ஆடியது. பக்கத்தில் எழுபது வயது சீனப் பாட்டி ஒருத்தர் பச்சையை இழுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய?

நம்மில் பாதிப் பேருக்குச் சர்க்கரை இருப்பதால் இன்னொன்று. சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது மற்றவர்களைவிட அதிகம். வலிக்கிறது என்று கையை அசைக்காமல் வைத்திருந்தாலும் இறுகும். அதனால் அடிபட்ட தோளைப் பூட்டியே வைத்திருக்கவும் கூடாது, அவசரப்பட்டுத் தூக்கவும் கூடாது. எந்த வாரம் எவ்வளவு என்று சொல்ல ஆள் வேண்டும். அதற்குத்தான் பிசியோ. எனக்குத் தந்த வேலை சுவரில் விரல் ஏற்றுவது. சுவரைப் பார்த்து நின்று, விரல்களைப் பல்லி மாதிரி மேலே நகர்த்த வேண்டும். எட்டும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. எங்கள் வீட்டில் அந்தச் சுவரில் முருகன் படம் போட்ட கோயில் காலண்டர் மாட்டியிருந்தது. முதல் வாரம் விரல் காலண்டருக்குக் கீழேயே நின்றது. ஒரு மாதத்தில் தேதித் தாள் வரைக்கும் போனது. தீபாவளி வாக்கில் மயிலைத் தொட்டேன். இப்போது வேலாயுதத்தைத் தாண்டிப் போகிறது. அந்தக் கோடுகளை இந்த வருஷம் சாயம் அடிக்கும்போது அழிக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

தேங்காய் உடைக்கும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. தேர் வரும் வழியில் மலை மலையாகக் குவித்த தேங்காயை உடைப்பது பினாங்குக்கே பெருமை. சீனர்களும் நம்மோடு நின்று உடைக்கிறார்கள். ஆனால் வருஷம் முழுக்கக் கையைத் தலைக்கு மேல் தூக்காதவன் ஒரே ராத்திரியில் இருநூறு தேங்காயைத் தலைக்கு மேலிருந்து ஓங்கி அடித்தால், மறுநாள் வரும் வலி முருகன் கொடுத்தது இல்லை.

சரி, தம்பி விஷயத்துக்கு வருகிறேன்.

குழுவில் ஒருவர் பூப்பந்து (பேட்மிண்டன்) வீரர் லீ சோங் வெய்யை இழுத்திருந்தீர்கள். 2017இல் பயிற்சிக் கூடத்தில் வழுக்கி முட்டி அடிபட்டு, அடுத்த மாதமே ஆல் இங்கிலாந்து போட்டியில் ஜெயித்தார், தம்பியால் முடியாதா என்று. உண்மைதான், ஜெயித்தார். நம் புக்கிட் மெர்தாஜாமில் வளர்ந்தவர், எனக்கும் பெருமைதான். ஆனால் அவருக்கு இழுபட்டது முட்டியின் உள்பக்க ஜவ்வு. அது பெரும்பாலும் தானே ஆறக்கூடியது. தம்பிக்கு அறுந்தது முட்டியின் நடுவில் இருப்பது. அது தானாக ஒட்டுவது அரிது. பூப்பந்தே வேண்டுமென்றால் ஸ்பெயினின் கரோலினா மாரினைப் பாருங்கள். 2019 ஜனவரியில் வலது முட்டி போனது. செப்டம்பரில்தான் திரும்ப ஆட வந்தார், இத்தனைக்கும் ஒலிம்பிக் சாம்பியன். 2021இல் இடது முட்டி போய் தோக்கியோ ஒலிம்பிக்கையே விட்டார். 2024இல் பாரிஸ் அரையிறுதியில் ஜெயிக்கும் நிலையில் இருந்தபோது மறுபடி வலது முட்டி. அவருக்குப் பக்கத்தில் டாக்டரும் பிசியோவும் எப்போதும் நின்றிருப்பார்கள். நம் தம்பி பக்கத்தில் யார் நிற்பது?

2016இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பிசியோ எனக்குச் சொன்னார். நார்வேயிலும் அமெரிக்காவிலும் செய்தது. அறுவை முடிந்து ஒன்பதாவது மாதம் வரைக்கும், ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் முட்டி மறுபடி அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாம். ஒன்பது மாதம் என்பதும் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒன்பது மாதம் இல்லை. அடிபட்ட காலின் பலம் நல்ல காலின் பலத்தில் பத்தில் ஒன்பது பங்காவது வர வேண்டும், ஒற்றைக் காலில் தாண்டும் தூரமும் அப்படியே. அளந்து பார்த்துத்தான் விடுவார்கள். அடுத்த தைப்பூசம் ஜனவரி 22. தம்பிக்கு அப்போது ஐந்து மாதம்கூட ஒழுங்காக ஆகியிருக்காது.

தலைவர் அண்ணன் என்ன கேட்பார் என்று தெரியும்: அப்போ நேர்த்திக்கடன்? நான் சாஸ்திரம் படித்தவன் இல்லை. ஆனால் காவடி எங்கிருந்து வந்தது என்று நாம் எல்லாருமே வருஷா வருஷம் கேட்கிற கதைதான். சிவகிரியையும் சக்திகிரியையும் தோளில் கட்டித் தூக்கி வந்த இடும்பன், களைத்துப்போய் பழனியில் இறக்கி வைத்தான். அவன் இறக்கி வைத்ததால்தான் அங்கே மலை இருக்கிறது. நமக்கெல்லாம் முதல் காவடிக்காரனே ஓய்வெடுக்க இறக்கி வைத்தவன்தான் அண்ணே. தம்பி ஒரு வருஷம் இறக்கி வைத்தால் கோபித்துக்கொள்கிற சாமியா அது?

விரதமும் அப்படித்தான். நாற்பத்தெட்டு நாள் ஒரு வேளைச் சோறு, கொஞ்சம் ரசம் என்று இருப்பதை நானும் செய்திருக்கிறேன். அறுவைக்குப் பிறகு என் வலது தொடை இடது தொடையைவிட நாலு சென்டிமீட்டர் சிறுத்துவிட்டது, மனைவியின் தையல் நாடாவால் அளந்தேன். அந்தத் தசை வளரப் புரதம் வேண்டும். தம்பி விரதம் இருந்தே ஆவேன் என்று நின்றால் சைவமாகவே சாப்பிடட்டும், ஆனால் பருப்பு, தயிர், சோயாவில் செய்த தௌஃபூ, தெம்பே என்று வேளாவேளைக்குச் சாப்பிடட்டும். பட்டினி மட்டும் வேண்டாம். அவன் அம்மாவிடம் நான் பேசிவிட்டேன்.

அப்புறம் உருவிவிடுகிற விஷயம். தம்பிக்கு விழுந்த மறுநாளே நம்மில் ஒருவர் அவனை மலாய் முறையில் உருவிவிடும் ‘உருட்’ போடுபவரிடம் கூட்டிப்போயிருக்கிறார். சுளுக்கு எடுப்பவர்களை நான் குறை சொல்லவில்லை, என் இடுப்பு அவர்களால்தான் நிமிர்ந்திருக்கிறது. ஆனால் சத்தம் கேட்டு, அன்றைக்கே வீங்கிய முட்டி சுளுக்கு இல்லை. உள்ளே என்ன அறுந்திருக்கிறது என்று தெரியாமல் எண்ணெய் போட்டு இழுத்தால் வீக்கம் கூடும். தம்பிக்குக் கூடியது. முதலில் படம் எடுக்க வேண்டும், உருவுவதைப் பிறகு டாக்டரைக் கேட்டுக்கொள்ளலாம்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அவனிடம் ‘எப்போ சரியாகும்’ என்று கேட்பதை நிறுத்துங்கள். தினம் அஞ்சு பேர் கேட்டால் அஞ்சு பேருக்கும் ஒரு தேதி சொல்ல வேண்டியிருக்கிறது. சொன்ன தேதிக்கு உடம்பை இழுத்துக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. வேண்டுமானால் ‘இன்றைக்கு எத்தனை டிகிரி மடங்கிச்சு’ என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல அவனுக்கே ஆசையாக இருக்கும். எனக்கு இருந்தது.

பூசத்தன்று அவனுக்கு வேலை கொடுங்கள், ஆனால் உட்கார்ந்து செய்யும் வேலை. இந்த வருஷம் பிப்ரவரி 1ஆம் தேதி நான் தண்ணீர்ப் பந்தலில் உட்கார்ந்து வலது கையால் மோர் ஊற்றினேன். காலையில் ஆரம்பித்து எத்தனை அண்டா என்று எண்ணவில்லை. காவடியோ பால் குடமோ எடுக்காத முதல் பூசத்தில் எனக்கு ஏதோ குறைந்துவிடும் என்று பயந்தேன். குறைந்தது தூக்கம் மட்டும்தான்.

பணம். நான் பெர்கேசோ சொன்னேன் அல்லவா? நான் விழுந்தது வேலைக்குப் போகும் வழியில், தம்பி விழுந்தது ஆட்டத்தில். தம்பி மோட்டாரில் சாப்பாடு டெலிவரி ஓட்டுகிறவன். ஓடினால்தான் அன்றைக்குக் காசு. அதனால்தான் அவன் அவசரப்படுகிறான். பக்தி பாதி, வாடகை பாதி. அறுவைக்குப் பிறகு பல வாரம் அவனால் மோட்டாரை உதைக்க முடியாது. நாம் வருஷா வருஷம் உறுமி மேளத்துக்கும் மயிலிறகுக்கும் எவ்வளவு செலவு பண்ணுகிறோம் என்று கணக்குப் பிள்ளைக்குத் தெரியும். வரும் பூசத்துக்கு உறுமி ஆட்கள் ரெண்டு பேர் குறைந்தால் முருகனுக்குக் காது கேட்காமல் போகாது. அந்தக் காசை மாதாமாதம் அவன் அம்மா கையில் கொடுங்கள், அவன் கையில் கொடுத்தால் வாங்க மாட்டான்.

கடைசியாக, கார். இதை யாரும் யோசிப்பதில்லை. பிசியோ என்றால் வாரம் ரெண்டு நாள், அதுவும் வேலை நேரத்தில். எனக்கு அந்த நாட்களில் ஆகப் பெரிய தொல்லை வலி இல்லை, போய்வருவதுதான். மடங்காத காலோடு சின்னக் காரின் பின் சீட்டில் குறுக்காக உட்கார்ந்து, இறங்கி, வரிசையில் நின்று, திரும்ப வண்டிக்குக் காத்திருந்து. நாலு தடவை ஆள் கிடைக்காமல் போகவே இல்லை. அந்த நாலு தடவையும் முட்டி பின்னுக்குப் போனது. நம் குழுவில் இருபத்து மூன்று பேர், பதினோரு கார்.

அறுவைக்கு முன்பே முட்டியை முழுசாக நீட்டப் பழக்க வேண்டும் என்று அவனுக்கு இந்த வாரமே பிசியோ தொடங்குகிறது. செவ்வாய்க்கிழமை காலை எட்டரை, நான் விடுப்பு போட்டிருக்கிறேன், நான் கூட்டிப்போகிறேன். வியாழக்கிழமை மதியம் ரெண்டு மணிக்கு இன்னும் ஆள் இல்லை. முன் சீட்டைப் பின்னால் தள்ள முடிகிற கார் வேண்டும்.

உங்கள் குழுவில் இன்னும் இருக்கும்,
மோர்ப் பந்தல் அண்ணன்